மனிதத் தவறைப் பயிற்சி குறைக்குமா? விமானப் பணியாளர் பயிற்சியில் அரை நூற்றாண்டு வாதம்

விமான விபத்து பற்றிய பேச்சு எங்கே தொடங்கினாலும் ஒரு கணக்கு தவறாமல் வந்து நிற்கும்: விபத்துகளில் எழுபது விழுக்காட்டுக்கு மேல் மனிதத் தவறால் நேர்பவை. 1959 முதல் 1989 வரை, இனிப் பழுதுபார்க்கவே முடியாது என்னும் அளவுக்கு விமானம் சிதைந்த விபத்துகளை ஆராய்ந்தவர்கள் அவற்றுள் எழுபது விழுக்காட்டுக்கு மேற்பட்டவற்றில் விமானிகளின் செயலை ஒரு காரணமாகக் கண்டார்கள். கணக்கு பொய்யல்ல. ஆனால் விசாரணையை எந்தப் படியில் நிறுத்துகிறோம் என்பதைப் பொறுத்து அது கூடும், குறையும். இயந்திரக் கோளாறை மனிதர் கவனித்துச் சமாளித்த ஆயிரக்கணக்கான பயணங்கள் அதில் இடம்பெறுவதும் இல்லை.

அதைவிட முக்கியமானது, இந்தக் கணக்கை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்பது. மனிதர் தவறுகிறார் என்றால் மனிதரைத் திருத்துவதா, அவர் கையாளும் பொருளையும் பணிமுறையையும் திருத்துவதா? இன்று விமானி, கேபின் ஊழியர், பராமரிப்புப் பொறியாளர் என எல்லோரும் மனிதக் காரணிகள் பற்றிய வகுப்பில் உட்கார்ந்தாக வேண்டும். ஐ.நா.வின் விமானப் போக்குவரத்து அமைப்பான ஐ.சி.ஏ.ஓ. 1986இல் இதற்கெனத் தனித் தீர்மானமே நிறைவேற்றியது. இந்தியாவில் பராமரிப்புப் பொறியாளர் உரிமம் பெறுவோருக்கான பாடத்திட்டத்தின் ஒன்பதாம் பகுதி அதுதான். பயிற்சி நிலைபெற்றுவிட்டது. அது பலன் தருகிறதா, தருகிறது என்றால் எந்த அளவுக்கு என்ற வாதம் மட்டும் முடிந்தபாடில்லை.

கைப்பிடியைத் திருத்தியவர்கள்

முதல் விடை பயிற்சியைச் சாராதது. இரண்டாம் உலகப் போரில் அமெரிக்காவின் பி-17 குண்டுவீச்சு விமானங்கள் பத்திரமாகத் தரையிறங்கிய பிறகு சக்கரங்கள் மடங்கி வயிறு தரையில் மோதுவது அடிக்கடி நடந்தது. இறக்கையின் மடிப்பைச் சுருக்கப்போன விமானி, சக்கரத்தை மடக்கும் விசையை இழுத்துவிடுவார். அல்போன்ஸ் சபானிஸ் என்ற உளவியலாளர் போய்ப் பார்த்தபோது இரண்டு விசைகளும் பக்கத்தில் பக்கத்தில், ஒரே தோற்றத்தில் இருந்தன. ஒன்றுக்குச் சக்கர வடிவத்திலும் மற்றதற்கு இறக்கை மடிப்பின் வடிவத்திலும் முனை வைப்பது தீர்வாயிற்று. இன்றைய விமானங்களிலும் சக்கர விசையின் முனை உருண்டைச் சக்கரமாக இருப்பது அந்த மரபில் வந்ததுதான். 1947இல் பால் ஃபிட்ஸும் ரிச்சர்ட் ஜோன்ஸும் விமானிகள் விவரித்த 460 தவறுகளை வகைப்படுத்தி, அவற்றில் பெரும்பகுதி கருவிகளின் அமைப்பிலிருந்தே பிறப்பதாக வாதிட்டார்கள்.

இந்த நிலைப்பாட்டின் வலிமை வெளிப்படையானது. நல்ல கைப்பிடிக்கு மறதி இல்லை, தூக்கம் வராது, ஆண்டுதோறும் புத்தறிவுப் பயிற்சியும் வேண்டாம். ஆனால் அது கை செய்யும் தவறுக்கே மருந்து. விமானி அறையில் ஒருவருக்குத் தெரிந்தது மற்றவருக்குத் தெரியாமல் போவதை எந்த வடிவமைப்பும் நேரடியாகத் தடுப்பதில்லை. எல்வின் எட்வர்ட்ஸ் 1972இல் வகுத்த மாதிரியில் மனிதர், கருவி, நடைமுறை, சூழல் என்ற கூறுகள் இருந்தன. அதை விரித்த ஃபிராங்க் ஹாக்கின்ஸ் மனிதருக்கும் மனிதருக்கும் இடையிலான உறவை ஐந்தாவதாகச் சேர்க்க நேர்ந்ததற்கு இந்தக் குறையே காரணம் எனலாம்.

காக்பிட்டில் பேசப் பழக்குதல்

1970களின் மூன்று விபத்துகள் திசையை மாற்றின. 1972 டிசம்பரில் ஃபுளோரிடாவின் சதுப்பு நிலத்தில் ஈஸ்டர்ன் ஏர்லைன்ஸின் விமானம் மெல்ல இறங்கி மோதியது. விமானிகள் அனைவரும் எரியாத ஒரு சிறு விளக்கைப் பற்றிய கவலையில் இருந்தார்கள். உயரம் குறைவதை எவரும் பார்க்கவில்லை. 1977 மார்ச் 27 அன்று டெனரீஃப் தீவில், மூடுபனிக்கு நடுவே, கே.எல்.எம்., பான் ஆம் நிறுவனங்களின் இரண்டு ஜம்போ விமானங்கள் ஓடுபாதையிலேயே மோதி 583 பேர் இறந்தார்கள். பான் ஆம் விமானம் பாதையை விட்டு விலகிவிட்டதா என்று கே.எல்.எம். விமானப் பொறியாளர் கேட்டார். விலகிவிட்டது என்று அழுத்தமாகச் சொல்லிவிட்டுக் கேப்டன் ஓட்டத்தைத் தொடர்ந்தார். அவர் நிறுவனத்தின் 747 பயிற்சிப் பிரிவுக்கே தலைவர். 1978 டிசம்பரில் போர்ட்லாண்டில் யுனைடெட் விமானம் ஒன்று சக்கரக் கோளாறைச் சரிபார்த்தபடி ஏறத்தாழ ஒரு மணி நேரம் வட்டமிட்டு, எரிபொருள் தீர்ந்து விழுந்தது. பத்துப் பேர் இறந்தனர். எரிபொருள் குறைவதைத் துணை விமானியும் பொறியாளரும் குறிப்பிட்டார்கள். ஆனால் கேப்டனின் காதில் விழுகிற மாதிரி அடித்துச் சொல்லவில்லை.

1979இல் நாசா கூட்டிய பட்டறையில் பிறந்ததுதான் சி.ஆர்.எம். என்று அறியப்படும் குழு வள மேலாண்மை. 1981இல் யுனைடெட் நிறுவனம் முழுமையான பயிற்சியைத் தொடங்கியது. தொடக்கப் பாடங்கள் நிறுவன மேலாளர்களுக்கான பயிற்சியிலிருந்து எடுக்கப்பட்டவை: உங்கள் தலைமைப் பாணி என்ன, நீங்கள் எந்தக் கட்டத்தில் இருக்கிறீர்கள் என்ற வகை. விமானிகளில் ஒரு பகுதியினர் இதை நயநாகரிகப் பள்ளி என்று கேலி செய்ததில் வியப்பில்லை. தங்கள் ஆளுமையைத் திருத்த வந்த முயற்சியாகவே அவர்கள் அதைப் பார்த்தார்கள்.

டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் ராபர்ட் ஹெல்ம்ரைக் குழு அடுத்த இருபதாண்டு வளர்ச்சியைத் தலைமுறைகளாகப் பிரித்துக் காட்டியது. ஆளுமையிலிருந்து குழுச் செயலுக்கு, காக்பிட்டிலிருந்து கேபினுக்கு, பிறகு தவறே செய்யாதிருப்பது என்ற இலக்கிலிருந்து தவறைச் சீக்கிரம் பிடித்துச் சரிசெய்வதற்கு என அது நகர்ந்தது. கேபினைச் சேர்க்க வேண்டிய காரணத்தை 1989 காட்டியது. ஜனவரியில் இங்கிலாந்தின் கெக்வொர்த் அருகே விழுந்த பிரிட்டிஷ் மிட்லாண்ட் விமானத்தில் பழுதானது இடது என்ஜின், நிறுத்தப்பட்டது வலது. இடப்பக்கம் தீப்பொறி பறந்ததைப் பயணிகளும் கேபின் ஊழியரும் பார்த்திருந்தார்கள். அந்தச் செய்தி முன்னறைக்குப் போய்ச் சேரவில்லை. 47 பேர் இறந்தனர். மார்ச்சில் கனடாவின் டிரைடனில் இறக்கையில் பனியோடு புறப்பட்ட விமானம் விழுந்து 24 பேர் இறந்தனர். அங்கும் பனியைப் பார்த்த பணிப்பெண் வாய் திறக்கவில்லை. விமானிகளின் வேலையில் தலையிடக்கூடாது என்ற வழக்கம் அந்த அளவுக்கு ஊறியிருந்தது.

அதே ஆண்டு ஜூலையில் அமெரிக்காவின் சூ சிட்டியில் நடந்தது பயிற்சியின் ஆதரவாளர்கள் எப்போதும் காட்டும் சான்று. கட்டுப்பாட்டு அமைப்பு முழுவதையும் இழந்த டிசி-10 விமானத்தை, பயணியாக வந்த விமானிப் பயிற்றுநரையும் துணைக்கு அழைத்து, என்ஜின் விசையை மட்டும் கூட்டியும் குறைத்தும் ஓடுபாதைவரை கொண்டுவந்தார் கேப்டன் ஆல் ஹேன்ஸ். 296 பேரில் 184 பேர் பிழைத்தனர். தங்களைக் காப்பாற்றியது சி.ஆர்.எம். என்று அவரே பின்னர் பல மேடைகளில் சொன்னார். அவர் சொல்லை மதிக்கலாம். ஆனால் அந்த வகுப்பில் உட்காராத நல்ல கேப்டன் ஒருவர் வேறு விதமாக நடந்திருப்பார் என்று நிறுவ வழியில்லை. ஒரு வெற்றிக்கதையை ஆய்வுச் சான்றாகக் கொள்வதில் உள்ள சங்கடம் இது.

ஹேங்கருக்குப் போன பாடம்

பராமரிப்புத் துறைக்கு இப்பாடம் பத்தாண்டு தாமதமாகவே வந்தது. 1988இல் ஹவாயில் அலோஹா நிறுவனத்தின் போயிங் 737 விமானத்தின் மேற்கூரை நடுவானில் பிய்த்துக்கொண்டு போனது. கண்ணில் பட்டிருக்க வேண்டிய விரிசல்களைப் பரிசோதகர்கள் தவறவிட்டிருந்தனர். 1990 ஜூனில் பிரிட்டிஷ் ஏர்வேஸ் விமானம் ஒன்றின் முன்கண்ணாடி பெயர்ந்து கேப்டன் பாதி உடல் வெளியே இழுக்கப்பட்டார். ஊழியர்கள் அவர் காலைப் பிடித்துக்கொண்டிருக்க, துணை விமானி தரையிறக்கினார். அப்பயணத்துக்கு ஏறத்தாழ ஒரு நாள் முன் அந்தக் கண்ணாடிக்குப் போட்ட 90 போல்ட்டுகளில் 84 தேவையான விட்டத்தைவிடச் சிறியவை. பழைய போல்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு, மங்கிய வெளிச்சத்தில், கண்ணால் ஒப்பிட்டு எடுத்தவர் புதியவரல்லர். அந்த ஷிப்டின் மேலாளரே.

1993இல் கனடாவின் போக்குவரத்துத் துறையில் கார்டன் டூபாண்ட் தொகுத்த பன்னிரண்டு காரணங்களின் பட்டியல் இன்று உலகெங்கும் ஹேங்கர்ச் சுவர்களில் தொங்குகிறது: களைப்பு, அழுத்தம், கவனச்சிதறல், அசட்டையான தன்னம்பிக்கை, உறுதியாகச் சொல்லாமை என்று போகும் அது. நினைவில் நிற்கும், பாடம் நடத்த எளிது. ஆனால் பட்டியலின் பெரும்பகுதி தனிமனிதரின் மனநிலையைப் பற்றியது. உதிரிபாகக் கிடங்கில் சரியான போல்ட் இல்லாததும், காலையில் விமானம் புறப்பட்டே ஆகவேண்டும் என்பதும் பொறியாளரின் மனநிலையில் இல்லை. 1990களில் போயிங் உருவாக்கிய பராமரிப்புத் தவறு விசாரணை முறை, தவறு செய்தவரிடமே காரணங்களைக் கேட்டுப் பெறுவதன் மூலம் இந்தக் குறையை ஓரளவு ஈடுசெய்ய முயன்றது. தண்டனை இல்லை என்று ஊழியர் நம்பும் இடத்தில்தான் அம்முறை வேலை செய்யும்.

அளந்து பார்த்தவர்கள்

பலனை எப்படி அளப்பது? பயிற்சி ஆய்வாளர்கள் பொதுவாக நான்கு படிகளைச் சொல்வார்கள்: பயின்றவருக்குப் பிடித்ததா, மனப்பாங்கு மாறியதா, நடத்தை மாறியதா, நிறுவனத்தின் பாதுகாப்பு கூடியதா. எட்வார்டோ சலாஸும் உடன் ஆய்வாளர்களும் 2001இல் 58 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். முதலிரண்டு படிகளுக்குச் சான்று நன்றாக இருந்தது, மூன்றாவதற்கு ஓரளவு, நான்காவதற்கு மிகக் குறைவு. 2006இல் அவர்கள் மீண்டும் பார்த்தபோதும் படம் பெரிதாக மாறவில்லை.

இதற்கு ஒரு நேர்மையான காரணம் உண்டு: பெரிய விபத்து அரிது. அரிதானதில் ஏற்படும் மாற்றத்தைப் புள்ளிவிவரத்தில் பிடிப்பது கடினம். மேலும் சி.ஆர்.எம். பரவிய அதே காலத்தில்தான் தரை நெருங்கினால் எச்சரிக்கும் கருவி, நடுவான் மோதலைத் தவிர்க்கும் கருவி, நம்பகமான என்ஜின்கள், தரமான சிமுலேட்டர்கள் எல்லாம் வந்தன. விபத்து விகிதம் குறைந்ததில் எதற்கு எவ்வளவு பங்கு என்று பிரித்துக் காட்டுவது ஏறத்தாழ இயலாத காரியம்.

சங்கடமான முடிவுகளும் கிடைத்தன. பயிற்சிக்குப் பிறகு சிலரின் மனப்பாங்கு முன்பைவிட மோசமானதை ஹெல்ம்ரைக் குழு பதிவுசெய்தது. எல்லோரும் இந்தப் பயிற்சியால் மாறுவதில்லை என்பதோடு, மாறியவர்களிடமும் நாளடைவில் அது தேய்கிறது என்றும் கண்டது. வகுப்பறை மதிப்பெண்ணை நம்ப முடியாது என்பதால்தான், பயணத்தின்போதே விமானி அறையில் அமர்ந்து, பெயர் குறிக்காமல் பதிவுசெய்யும் தணிக்கை முறை உருவானது. ஐரோப்பாவில் ஒத்துழைப்பு, தலைமை, சூழலறிதல், முடிவெடுத்தல் என்ற நான்கு தலைப்புகளில் விமானியை மதிப்பிடும் அளவுகோல் வந்தது. இவை நடத்தையை ஓரளவு அளக்கின்றன. ஆனால் தன்னை ஒருவர் கவனிக்கிறார் என்று தெரிந்த விமானி எப்படி நடப்பார் என்ற பழைய சந்தேகம் இங்கும் தீராது.

பண்பாட்டின் மேல் விழுந்த பழி

1997இல் குவாம் தீவில் கொரியன் ஏர் விமானம் மலைச்சரிவில் மோதி 228 பேர் இறந்த பிறகு ஒரு விளக்கம் பரவியது: மூத்தவரை எதிர்த்துப் பேசாத சமூகத்தில் துணை விமானியும் பேசமாட்டார். சமூக உளவியலாளர் கீர்ட் ஹோஃப்ஸ்டெட் வகுத்த, அதிகார ஏற்றத்தாழ்வை ஒரு சமூகம் எவ்வளவு இயல்பாக ஏற்கிறது என்று காட்டும் அதிகார இடைவெளி என்ற அளவை ஹெல்ம்ரைக்கும் ஆஷ்லி மெரிட்டும் விமானத் துறைக்குள் கொண்டுவந்தார்கள். மால்கம் கிளாட்வெல் 2008இல் எழுதிய நூல் அதைப் பொதுவாசகர்வரை கொண்டுசேர்த்தது. நாடுதோறும் விமானிகளின் மனப்பாங்கு வேறுபடுகிறது என்பதற்குக் கணக்கெடுப்புச் சான்று இருக்கிறது. அந்த வேறுபாடே விபத்தை உண்டாக்குகிறது என்பது வேறு கூற்று. அது இன்னும் நிறுவப்படவில்லை.

சி.ஆர்.எம்.மின் பிறப்புக்கதையான டெனரீஃபே இதற்கு இடைஞ்சல். அதிகார இடைவெளி குறைவு என்று ஹோஃப்ஸ்டெடே கணித்த நெதர்லாந்தின் விமானி அறை அது. (அந்த விபத்தில் வானொலிச் செய்திகள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து தெளிவிழந்ததை டச்சு தரப்பு அழுத்திச் சொன்னதையும் நினைவில் கொள்ள வேண்டும்; கேப்டனின் ஆணவம் மட்டுமே காரணம் என்ற கதை பயிற்சி வகுப்புகளில் கொஞ்சம் மெருகேறிவிட்டது.) கொரியன் ஏர் பின்னர் பாதுகாப்பில் தேறியது உண்மை. ஆனால் அங்கே பயிற்சி, தேர்வு முறை, நிர்வாகம் எல்லாம் சேர்ந்தே மாறின. பண்பாட்டை மட்டும் தனியே உரித்தெடுத்துக் காட்டியவர் யாருமில்லை.

மங்களூரும் கோழிக்கோடும்

இந்திய வாசகருக்கு மிக அருகில் இருக்கும் சான்றுகள் இரண்டு. என் பார்வையில், இந்த வாதத்தில் வேறெங்கும் இவ்வளவு கூர்மையாக வெளிப்படாத ஒன்றைக் காட்டுபவையும் அவையே. 2010 மே 22 அதிகாலையில் துபாயிலிருந்து வந்த ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானம் மங்களூரின் மேட்டு ஓடுபாதையைத் தாண்டிப் பள்ளத்தில் விழுந்தது. 158 பேர் இறந்தனர், எட்டுப் பேர் பிழைத்தனர். தரையிறங்கும் நிலை சரியில்லை, மீண்டும் மேலே எழும்புங்கள் என்ற பொருளில் துணை விமானி மூன்று முறை சொன்னதும், கருவியின் எச்சரிக்கைகளும் பதிவில் இருக்கின்றன. பயணத்தின்போது நெடுநேரம் தூங்கிய கேப்டனின் தூக்க மயக்கம் ஒரு காரணமாக இருக்கலாம் என்று விசாரணை நீதிமன்றம் கருதியது. இன்னொன்றையும் அது சொன்னது: துணை விமானி தானே விமானத்தை எழுப்பலாமா என்பதில் விதிமுறைகள் தெளிவாக இல்லாததால், அவர் திரும்பத் திரும்பச் சொன்னாரே தவிரக் கட்டுப்பாட்டைக் கையில் எடுக்கவில்லை போலும்.

பத்தாண்டு கழித்து, 2020 ஆகஸ்ட் 7 மாலை, அதே நிறுவனத்தின் விமானம் கோழிக்கோட்டில் மழைக்கு நடுவே ஓடுபாதையின் பாதியில் தரைதொட்டு, முடிவைத் தாண்டி விழுந்தது. விமானிகள் இருவர் உட்பட 21 பேர் இறந்தனர். மறுபடி எழும்பச் சொல்லித் துணை விமானி அழைத்ததும், அவர் கட்டுப்பாட்டை எடுத்துக்கொள்ளாததும் விசாரணை அறிக்கையில் சேர்ந்தே இடம்பெற்றன. விமானி அறையில் செங்குத்தான அதிகார ஏற்றத்தாழ்வு இருந்ததாகவும், நிறுவனத்தின் சி.ஆர்.எம். பயிற்சி பயனற்றதாக இருந்ததாகவும் அறிக்கை குறை கண்டது. மறுநாள் காலை அந்த ஊரிலிருந்து விமானம் ஓட்டவேண்டிய கட்டாயம் கேப்டனுக்கு இருந்ததையும், அங்கு போதிய கேப்டன்கள் இல்லாததையும் அது பதிவுசெய்தது.

1970களின் விபத்துகளில் இளையவர் அடித்துச் சொல்லவில்லை. மங்களூரிலும் கோழிக்கோட்டிலும் சொன்னார். பயிற்சியின் முதல் இலக்கு, அதாவது வாய் திறப்பது, இங்கே ஓரளவு நிறைவேறியே இருந்தது. சொன்ன பிறகு என்ன நடக்க வேண்டும் என்பதற்கே விடை இல்லை. கேட்கும் பொறுப்பு உள்ளவரைப் பழக்குவது, சொல்பவரைப் பழக்குவதைவிடக் கடினமாக இருந்திருக்கலாம். அல்லது கட்டுப்பாட்டைப் பறிக்கும் துணை விமானியை நிறுவனம் மறுநாள் எப்படி நடத்தும் என்ற அச்சம் வகுப்பறைக்கு வெளியே விளைந்ததாக இருக்கலாம். பயனற்றது என்று கண்ட பயிற்சிக்கு மருந்தாக மேலும் பயிற்சியைப் பரிந்துரைப்பதில் ஒரு வட்டச் சுழற்சி இருப்பதையும் கவனிக்காமல் இருக்க முடியவில்லை.

வகுப்பறைக்கு வெளியே

இந்த இடத்தில்தான் மூன்றாவது நிலைப்பாடு வலுக்கிறது. உளவியலாளர் ஜேம்ஸ் ரீசன் 1990களில் முன்வைத்தபடி, கடைசியில் தவறு செய்பவர் நிறுவனம் நெடுங்காலமாகச் சேர்த்துவைத்த ஓட்டைகளின் முடிவில் நிற்பவர். சிட்னி டெக்கர் இன்னும் ஒரு படி போய், மனிதத் தவறு என்பது விசாரணையின் முடிவாக இருக்கக் கூடாது, தொடக்கமாக இருக்க வேண்டும் என்கிறார். போயிங் 737 மேக்ஸ் விபத்துகள் இரண்டிலும் (2018, 2019; இறந்தோர் 346) ஒரே உணர்கருவியை நம்பிய மென்பொருள் விமானத்தின் மூக்கைக் கீழே தள்ளியது. பல எச்சரிக்கைகள் ஒரே நேரத்தில் ஒலிக்கும்போது விமானிகள் எப்படி நடப்பார்கள் என்பதைப் பற்றிய தயாரிப்பாளரின் அனுமானங்கள் போதாதவை என்று அமெரிக்கப் புலனாய்வு வாரியம் சுட்டியது. அப்படி ஒரு மென்பொருள் இருப்பதே முதல் விபத்துவரை விமானிகளின் கையேட்டில் இல்லை. எந்தக் குழுப் பயிற்சி அதை ஈடுகட்டியிருக்கும்?

களைப்பு இன்னொன்று. களைப்பை அடையாளம் காண எல்லா வகுப்பிலும் சொல்லித்தருகிறார்கள். பணிப்பட்டியலைப் போடுபவர் அந்த வகுப்பில் இருப்பதில்லை. இந்தியாவில் வாராந்தர ஓய்வை 36 மணியிலிருந்து 48 மணியாக உயர்த்தி, இரவுத் தரையிறக்கங்களைக் குறைத்த 2024ஆம் ஆண்டு விதிகள் 2025இல் முழுமையாக நடைமுறைக்கு வந்தபோது, அதற்கேற்ப ஆள் ஆயத்தம் செய்யாத இண்டிகோ ஆயிரக்கணக்கான பயணங்களை ரத்துசெய்தது. விமானப் போக்குவரத்து ஒழுங்குமுறை அமைப்பு தற்காலிகத் தளர்வு தந்தது. ஓய்வு என்பது பாதுகாப்புக் கணக்கா, வணிகக் கணக்கா என்பது அங்கே வெளிச்சத்துக்கு வந்தது.

இந்த நிலைப்பாட்டுக்கும் பலவீனம் உண்டு. பொறுப்பைப் பரப்பிக்கொண்டே போனால் கடைசியில் யாரும் பொறுப்பாளி இல்லை என்றாகிவிடும். நிறுவனக் காரணங்களைக் காட்டுவது, விபத்துக்குப் பின் எளிது. விபத்துக்கு முன் எந்த ஓட்டை ஆபத்தானது என்று சொல்ல ரீசனின் மாதிரியால் இயலாது என்ற குறையும் நெடுநாளாகச் சொல்லப்படுவதுதான்.

முடியாமல் நிற்பவை

கிடைத்துள்ள சான்றுகளை வைத்துப் பார்த்தால், பயிற்சி நடத்தையை மாற்றுகிறது என்று மிதமான உறுதியோடு சொல்லலாம். விபத்தைக் குறைக்கிறது என்பது நியாயமான ஊகம், நிறுவிய முடிவல்ல. வகுப்பறைப் பேச்சைவிட, சிமுலேட்டரில் முழுக்குழுவாகச் செய்து பார்த்து, பின் அதைத் திருப்பிப் பேசும் முறை மேலானது என்பதில் ஆய்வாளர்களிடையே ஒப்புதல் கூடுதல்.

அளவுகோல் பற்றிய கேள்வி திறந்தே இருக்கிறது. தரையிறங்கும் நிலை சரியில்லாத பயணங்களில் ஏறத்தாழ 97 விழுக்காடு, விதி தடுத்தும், தரையிறக்கத்திலேயே முடிகின்றன என்று விமானப் பாதுகாப்பு அறக்கட்டளையின் ஆய்வு கண்டது. மனப்பாங்குக் கேள்வித்தாளைவிட இந்த எண்ணிக்கை நேர்மையானது. ஒவ்வொரு நிறுவனத்தின் பதிவுக் கருவியிலும் அது இருக்கிறது. பயிற்சிக்கு முன்னும் பின்னும் அது எப்படி மாறியது என்று நிறுவனங்கள் வெளியிட்டால் வாதத்தின் பாதி தெளிந்துவிடக்கூடும். இப்போதைக்கு அந்தத் தரவு பெரும்பாலும் உள்ளேயே இருக்கிறது.

விமானி அறையில் ஒருவரை மட்டும் வைத்து ஓட்டும் யோசனை வேறொரு திசையிலிருந்து வருகிறது. நெடும்பயணத்தின் நடுவே ஒருவர் ஓய்வெடுக்க மற்றவர் தனியே ஓட்டுவது இரு விமானிகளுக்கு நிகரான பாதுகாப்பைத் தரும் என்று காட்ட இயலவில்லை என்று ஐரோப்பியப் பாதுகாப்பு முகமைக்காக நடந்த ஆய்வு 2025இல் முடிவு கூறியது. யோசனை அதனால் கைவிடப்பட்டதாகத் தெரியவில்லை. நடந்தால், ஒருவர் சொல்ல மற்றவர் கேட்பதை மையமாக வைத்து ஐம்பது ஆண்டு கட்டிய பாடத்திட்டத்தை எங்கிருந்து தொடங்கித் திருத்துவது என்பதற்கு எந்த முகாமிடமும் ஆயத்தமான விடை இல்லை.

ஹேங்கரின் நிலை இன்னும் பின்தங்கியது. அங்கே குரல் பதிவுக் கருவி இல்லை. ஒரு போல்ட்டில் சந்தேகம் வந்து விமானத்தை நிறுத்திவைத்த பொறியாளர் மறுநாள் பாராட்டப்பட்டாரா, கடிந்துகொள்ளப்பட்டாரா என்பது ரகசியப் புகார் முறைகளின் வழியேதான் வெளியே தெரியவரும். 1976இல் நாசா தொடங்கிய முறையைப் பின்பற்றி அவை பல நாடுகளில் இயங்குகின்றன. ஊழியர் எந்த அளவுக்கு நம்பி எழுதுகிறாரோ அந்த அளவுக்கே அவை பேசும். ஆகவே புகார் கூடினால் தவறு கூடியதா, நம்பிக்கை கூடியதா என்று பிரித்தறியும் வழியை ஆய்வாளர்கள் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.